மாலியைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்

கேள்வி: புல்லாங்குழல் மாலியை மேதை மேதை என்று எழுதுகிறீர்கள். ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராதவர், வந்தாலும் பாதியில் எழுந்து போனவர் என்றுதான் எங்கும் படிக்கிறேன். ஒழுங்காக வெளிவந்த இசைத்தட்டுகளும் குறைவு. ஐம்பது அறுபது வருடம் சீராக வாசித்து, நிறையப் பதிவுகளும் தந்த என். ரமணியை விட்டுவிட்டு இவரைத் தூக்கிப் பிடிப்பது நியாயமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு ராகத்தின் பெயர்கூட இல்லை, கவனித்தீர்களா? மாலியைப் படித்திருக்கிறீர்கள். கேட்டதாக எங்கும் சொல்லவில்லை. குறை உங்களுடையது மட்டுமில்லை. மாலி என்கிற திருவிடைமருதூர் டி.ஆர். மகாலிங்கம் என்றாலே மேடைக்கு வந்தாரா வரவில்லையா என்ற கதைகளைத்தான் பத்திரிகைக்காரர்களும் நாற்பது வருடமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறோம். அந்தக் கதைகள் அவர் வாசிப்பை மூடிவிட்டன.

டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களைக் காக்கவைத்தது தப்புதான். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அவர் வராத கச்சேரிகளை வைத்து, வந்து வாசித்ததற்கு மார்க் போட முடியாது.

அவர் என்ன செய்தார் என்பது புரிய, குழலின் சங்கடம் தெரிய வேண்டும். வீணையில் தந்தியை இழுக்கலாம், வயலினில் விரலைச் சறுக்கலாம். குழலில் இருப்பது துளைகள். துளையை மூடினால் ஒரு ஸ்வரம், திறந்தால் அடுத்த ஸ்வரம் என்று படிப்படியாகத்தான் வரும். தோடி ராகத்தின் காந்தாரம் ('க' என்கிற ஸ்வரம்) அப்படிப் படியில் நிற்கிற ஸ்வரமா? அது அசைந்தால்தான் தோடி. சரப சாஸ்திரியும் அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவும் குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக்கிய பெரியவர்கள். தெளிவு, விறுவிறுப்பு, சுத்தம் எல்லாம் அந்த வாசிப்பில் இருந்தது. குரலில் வருகிற அசைவை முழுசாகக் குழலுக்குள் கொண்டுவரும் வேலை மிச்சம் இருந்தது.

மாமா கோபால ஐயரிடம் மாலிக்கு நடந்த பாடம் வாய்ப்பாட்டு. குழலைத் தானாகவே எடுத்துக்கொண்டார். 1933-ல் மயிலாப்பூர் தியாகராஜர் உற்சவத்தில் அந்தச் சின்னப் பையன் வாசித்ததைக் கேட்டு பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயரும் வயலின் வித்வான் பரூர் சுந்தரம் ஐயரும் சால்வை போர்த்தினார்கள் என்பது பிரசித்தம். கிளி கிளையைப் பிடிக்கிற மாதிரி என்று சொல்லப்படும் விரல்பிடி அவருடையது. துளையைப் பாதி மூடி, கால் திறந்து, உதட்டின் கோணத்தை மாற்றி, காற்றைக் கூட்டிக் குறைத்து அந்த அசைவை, அதாவது கமகத்தை, உண்டாக்கினார். மூச்சு எடுக்கும் இடத்தையும் கவனியுங்கள். பாடகர் சொல் முடிகிற இடத்தில் மூச்சு வாங்குவார். மாலியும் அங்கேதான் வாங்குகிறார். சாகித்தியம் (பாட்டின் வரிகள்) தெரிந்தவர் அவர் வாசிப்போடு மனசுக்குள் பாடிக்கொண்டே போகலாம், வார்த்தை உடையாது. அப்புறம் அந்த மௌனம். ஒரு பிடியை, ராகத்தின் ஒரு சின்ன ஸ்வரத் தொடரை, வாசித்துவிட்டு நிறுத்துவார், அது நம் காதில் அடங்கும்வரை அடுத்ததைத் தொட மாட்டார்.

குரல் வழியில் குழலை வாசித்தவர் மாலி ஒருவர்தான் என்று சிலர் எழுதுவதையும் நான் ஏற்கவில்லை. நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்த திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை அதே காலத்தில் தன் வழியில் அதைச் செய்தார். அவருடைய சீடர் டி. விஸ்வநாதன் - பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி - கச்சேரி நடுவில் குழலை இறக்கிவிட்டுப் பாடவே செய்வார். அந்த வழிக்கும் அதன் மரியாதை உண்டு.

இனி பதிவுகள். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம். இரண்டு பிடிகளுக்கு நடுவில் காத்திருக்கிற மனிதரை அதில் எப்படி அடைப்பது? அவருடைய முழு ஆகிருதி தெரிவது வானொலி ஒலிபரப்புகளிலும், ரசிகர்கள் சபாக்களிலும் வீடுகளிலும் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்தவற்றிலும்தான். இரைச்சல் இருக்கும், இருமல் கேட்கும், சிலவற்றில் முதல் பாட்டின் தொடக்கமே இருக்காது. எல்லாம் உயர்ந்தவை என்றும் சொல்ல மாட்டேன். தாளக் கணக்கும் வேகமும் ராகத்தை விழுங்கிவிட்ட டேப்புகளும் உண்டு. ஆனால் அவர் நிதானமாக ஒரு ராகத்தை விரிக்கிற டேப் கிடைத்தால் விடாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு கீர்த்தனையை முதலில் நல்ல வாய்ப்பாட்டில் கேளுங்கள், அடுத்து மாலியிடம் கேளுங்கள். கீழ் ஸ்தாயியில் காற்று எவ்வளவு மெலிகிறது, மேலே போகும்போது எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். தேடும்போது ஒரு எச்சரிக்கை: சோழவந்தான் பக்கத்து நடிகர்-பாடகர் டி.ஆர். மகாலிங்கமும் அதே இனிஷியல், அதே பெயர். இணையத்தில் இருவரையும் கலந்துவிடுகிறார்கள்.

சரி, ரமணி. திருவாரூரில் 1934-ல் பிறந்த ரமணி மாலியின் சீடர். குருவை இறக்கிச் சீடரை ஏற்ற நினைத்தால், எந்த வாசிப்புக்காக ரமணியை மெச்சுகிறீர்களோ அதன் வேரையே வெட்டுகிறீர்கள். மாலியிடம் கண்டதை அவர் தினசரி உழைப்பால் நிலைப்படுத்தினார். நீளக் குழலைக் கொண்டுவந்து கீழ்ச் சுருதியின் கனத்தை நமக்குக் காட்டினார். 1966-ல் லால்குடி ஜெயராமனோடும் வீணை ஆர். வெங்கட்ராமனோடும் சேர்ந்து தொடங்கிய வயலின்-வேணு-வீணை கச்சேரிகள் அலாதியானவை. 1996-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. பதிவுகள் ஏராளம், தரமானவை, எளிதில் கிடைக்கும். புதிதாகக் குழல் கேட்க வருகிறவரிடம் ரமணியில் ஆரம்பிக்கத்தான் நானும் சொல்வேன். அங்கேயே நின்றுவிடாதீர்கள் என்பதுதான் என் வாதம். மாலியின் மற்ற சீடர்கள் டி.எஸ். சங்கரன், பிரபஞ்சம் சீதாராம் இருவரையும் கேளுங்கள். ஒரே குரு, ஆளுக்கொரு முகம்.

கும்பகோணத்துக்காரர் என்பதால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் பழைய ரசிகர் வீட்டுப் பரணில் மாலி டேப் கிடந்தால், தயவுசெய்து அதைக் கண்ட மிஷினில் போட்டு ஓட்டாதீர்கள், பழைய டேப் அறுந்துவிடும். ஸ்பூலை டிஜிட்டலாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எந்த ஊர், எந்த வருடம், மிருதங்கம் யார், வயலின் யார் என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, பெட்டியோடு வையுங்கள்.