இன்சார்ஜ் பதவி கைக்கு வராதபோது

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் 16 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். நான் டிப்ளமோ படித்தவள் என்பதால், பணியில் எனக்கு ஆறு ஆண்டு இளையவரான பி.எஸ்சி. நர்ஸுக்கு இன்சார்ஜ் பதவியைக் கொடுத்துவிட்டார்கள். சென்ற மாதம் ஒரு வயிற்று அறுவையின் முடிவில், ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணியான மாப் ஒன்று எண்ணிக்கையில் குறைந்தது. நான் சொன்னதைச் சர்ஜன் பொருட்படுத்தவில்லை. மயக்க மருத்துவர் வற்புறுத்திய பிறகே தேடி எடுத்தோம். பதவி இல்லாத என் சொல்லை இனி யார் கேட்பார்கள்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மாப் நோயாளியின் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடாமல் காத்தது, குறைகிறது என்று முதலில் வாய் திறந்த நீங்கள்தான். உங்களுக்குத் துணைநின்ற மயக்க மருத்துவரும் அந்தச் சர்ஜனுக்கு மேலதிகாரி அல்லர். இரண்டாவதாக ஒரு குரல் எழுந்ததால்தான் கை நின்றது. அந்த இரண்டாவது குரல் ஒவ்வொரு அறுவையிலும் தவறாமல் எழும்படி செய்வதற்கு இன்சார்ஜ் பதவி தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை நீங்கள் அறிந்திருக்கலாம். மயக்கம் கொடுக்கும் முன், தோலில் கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என மூன்று கட்டங்களில், 19 அம்சங்களை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் முறை அது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைக் கடைப்பிடித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை நடத்தும் பொறுப்பு, கத்தி பிடிக்கும் கைக்கு அல்லாமல், பெரும்பாலும் தியேட்டரில் சுற்றிவரும் செவிலியருக்கே உரியது என்பதைக் கவனியுங்கள்.

கத்தி வைக்கும் முன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். தினமும் பார்க்கும் முகங்கள்தானே என்று பலரும் இதைத் தவிர்க்கிறார்கள். பட்டியலின் உயிரே இதில் இருப்பதாக நான் நினைக்கிறேன். தொடக்கத்தில் ஒருமுறை குரல் கொடுத்துவிட்ட இளம் செவிலியருக்கு, இரண்டு மணி நேரம் கழித்து "ஒன்று குறைகிறது டாக்டர்" என்று சொல்ல நா எழும்.

எண்ணிக்கையை நாளைக்கே தொடங்கலாம். கட்டோடு எண்ணாமல், ஒவ்வொரு மாப்பையும் நாடாவைப் பிடித்துப் பிரித்து, சர்ஜனுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸும் நீங்களும் சேர்ந்து சத்தமாக எண்ணி, சர்ஜன் நிமிர்ந்தால் கண்ணில் படும் இடத்தில் பலகையில் எழுதுங்கள். ரத்தத்தில் ஊறிச் சுருண்ட மாப்புக்குள் இன்னொன்று ஒட்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

புதிய இன்சார்ஜை ஒதுக்கிவிட்டு நேரே மேலிடத்துக்குப் போய்விடாதீர்கள். நான் செவிலியராக இருந்த காலத்தில் அப்படி ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மனுவும் கிடப்பில் போயிற்று, உடன் வேலை செய்தவர்கள் என்னை நம்புவதையும் விட்டார்கள், அதை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின. முதலில் அவரிடமே பேசி, கூட்டத்தில் அவர் வாயாலேயே யோசனையை வரவிடுங்கள். பெயர் அவருக்குப் போகும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் தியேட்டர் முழுவதும் அதைப் பின்பற்ற அதுவே நேரான வழி.

சர்ஜனிடம் ரவுண்ட்ஸ் முடிந்து அவர் ஓய்வாக இருக்கும்போது பேசுங்கள். சென்ற மாதக் கதையை எடுக்காமல், "எண்ணிக்கை குறைந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும், டாக்டர்?" என்று கேளுங்கள். அவரே வகுத்துத் தந்த முறையைத் தம் தியேட்டரிலேயே அவர் மீறுவது அரிது. மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருங்கள்.

பதவியை ஆசைப்படக் கூடாது என்று நான் சொல்லவில்லை. டிப்ளமோ முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது, வீட்டுச் சூழல் இடம் கொடுத்தால் விண்ணப்பியுங்கள். அதற்குள், அவசர கேஸ் இல்லாத ஒரு காலையாகப் பார்த்து, அன்றைய முதல் நோயாளிக்கே பெயர் சொல்வதைத் தொடங்குங்கள். முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.