400 பேர் ரத்தத்தை வைத்து ஒரு மாவட்டத்தையே கணிக்க முடியுமா?

கேள்வி இது: 2021 ஜூலையில் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில், கொரோனா ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதம், தமிழ்நாட்டில் 69 சதவீதம் பேருக்கும் கேரளத்தில் 44 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஆனால் அப்போது நாட்டிலேயே தினமும் அதிக புதுக் கேஸ் வந்தது கேரளத்தில்தான். இந்தக் கணக்கை எப்படி நம்புவது?

நம்பலாம். அந்த 44-தான் அத்தனை கேஸ்களுக்கும் காரணத்தைச் சொல்கிறது.

நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் லேப் டெக்னீஷியன். இங்கே வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். பாதிப் பேருக்குச் சந்தை, வேலை, சம்பந்தம் எல்லாம் பொள்ளாச்சியில். அந்த ஜூலையில் எங்களிடம் எல்லோரும் கேட்டதும் இதே கேள்விதான்.

தினமும் டிவியில் வந்தது, டெஸ்ட் எடுத்துப் பாசிட்டிவ் ஆனவர்களின் எண்ணிக்கை. காய்ச்சல் வராமலே தொற்றிப் போனவர்கள் அதில் இல்லை. ரத்த ஆய்வு அவர்களையும் பிடிக்கும், ஏனென்றால் தொற்றி இரண்டு வாரம் வாக்கில் உருவாகும் ஐஜிஜி ஆன்டிபாடி மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். 2020 மே–ஜூனில் நடந்த ஐசிஎம்ஆர் ஆய்வின் முதல் சுற்றில் நாடு முழுக்க 0.73 சதவீதம். அடுத்த ஆண்டு ஜூன்–ஜூலையில் நடந்த நான்காவது சுற்றில் 67.6. அந்தச் சுற்றில் கேரளம் 44.4 என்றால், பாதிக்கு மேற்பட்டோரை வைரஸும் தொடவில்லை, தடுப்பூசியும் எட்டவில்லை. டெல்டா என்ற வேகமாகப் பரவும் கொரோனா வகை வந்தபோது தொற்றுவதற்கு ஆட்கள் இங்கேதான் அதிகம் மிச்சமிருந்தார்கள். பரவலை அதுவரை தள்ளிப்போட்டதன் விளைவு இது. தடுப்பூசி கைக்கு வரும்வரை தள்ளிப்போட்டது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். அந்த 44-ஐப் பொய்க் கணக்கு என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

சரி, சில நூறு பேரை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? மாவட்டத்துக்குப் பத்து கிராமமோ வார்டோ குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொன்றிலும் 40 பேர், ஆக 400. நாடு முழுக்க 70 மாவட்டம். கேரளத்தில் பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் மூன்றும்தான். யார் வீடு என்பதை ஆய்வுக் குழு இஷ்டப்படி எடுக்கக் கூடாது. அதுதான் இதில் உயிர்நாடி. லேபுக்குத் தானாக வருகிறவர்களின் ரத்தத்தை எண்ணியிருந்தால், பயந்தவர்களும் காய்ச்சல்காரர்களும்தான் கணக்கில் நிறைந்திருப்பார்கள்.

அப்புறம் கிட். முன்பு கோவையில் வேலை பார்த்த நாட்களில் எலிசா என்ற ஆன்டிபாடி சோதனையை நிறைய ஓட்டியிருக்கிறேன். 96 குழி உள்ள தட்டு. சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) விட்டு, கழுவி, நிறம் காட்டும் திரவம் சேர்த்தால் ஆன்டிபாடி உள்ள குழி நீலமாகும். கடைசியில் அமிலம் விட்டதும் மஞ்சளுக்கு மாறும். பளிச்சென்ற மஞ்சளில் சிக்கல் இல்லை. வெளிறிய மஞ்சளில்தான் தலைவலி. கிட் 98 சதவீதம் துல்லியமாக நெகட்டிவ் சொல்லும் என்று வையுங்கள். ஊரில் உண்மையில் ஒரு சதவீதம் பேருக்கே தொற்றியிருந்தால், 400-ல் 4 பேர். மீதி 396 பேரில் சுமார் 8 பேர் சும்மாவே பாசிட்டிவ் காட்டுவார்கள். நிஜத்தை விடப் பொய் இரண்டு மடங்கு! அதனால்தான் முதல் சுற்றில் பாசிட்டிவ் ஆனதை வேறொரு கிட்டில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள், கிட்டின் பிழையையும் கணக்குப் போட்டுக் கழித்தார்கள். 44 சதவீதத்தில் அந்தப் பிழை பெரிதாகத் தெரியாது.

எந்த ஆன்டிபாடி என்பதும் முக்கியம். கோவிஷீல்டு தடுப்பூசி, வைரஸின் மேலே முள்போல நிற்கும் ஸ்பைக் புரதத்துக்கு மட்டும் ஆன்டிபாடி உண்டாக்கும். வைரஸுக்குள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரானது இருந்தால் தொற்றியது என்று பொருள். ஆனால் கோவாக்சின் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்த ஊசி, அதனால் இரண்டுமே வரலாம். ஆக தடுப்பூசி வந்த பிறகு ‘இத்தனை பேருக்குத் தொற்றியது’ என்று ஒரே எண்ணில் சொல்வது சரியல்ல. கேரள அரசு 2021 செப்டம்பரில் எடுத்த ஆய்வில் பெரியவர்களிடம் 82.6 சதவீதம், 5 முதல் 17 வயதினரிடம் 40. ஊசி கிடைத்த வயதும் கிடைக்காத வயதும் எவ்வளவு விலகி நிற்கின்றன பாருங்கள். ஆறு வயது முதல் எல்லோரையும் சேர்த்த அந்த 44-ஐ இந்த 82-ஓடு நேராக ஒப்பிடவும் கூடாது.

ஒரு பாட்டி ரிசல்ட் தாளை மடித்துக்கொண்டே கேட்டார்: “இருக்குன்னு வந்திருச்சே, இனி மாஸ்க் வேண்டாமில்ல கண்ணு?” வேண்டும் பாட்டி என்றேன். அது ஊரை அளக்கிற சோதனை. ஒருவருக்குப் பாதுகாப்பு உண்டா என்று அது சொல்லாது.

எனக்குள்ள குறை வேறு. மாநில சராசரி எங்கள் பஞ்சாயத்துக்குப் பொருந்தாது. தமிழ்நாடு அரசின் 2021 ஆய்வில் விருதுநகர் 84 சதவீதம், ஈரோடு 37. ஒரே மாநிலத்துக்குள்ளேயே இத்தனை வித்தியாசம். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் இ-பாஸ் கேட்டு ஆட்களை நிறுத்தினார்கள், ஆனால் இரண்டு பக்கமும் பழகுகிறவர்கள் அதே ஆட்கள். அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவையும் பொள்ளாச்சி தாலுகாவையும் ஒரே வாரத்தில், ஒரே கிட்டில் சேர்த்து அளக்க வேண்டும்.