அரசுப் பணமும் கோர்ட்டும்: ஆச்சி பதில்கள்

அரசுச் செலவில் நீதிமன்றம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற கேள்விகளுக்குக் காரைக்குடி வழக்கறிஞர் ஆச்சி பதில் சொல்கிறார்.

தேவகோட்டை வாசகர்: எதற்குச் செலவிடலாம் என்று கோர்ட் சொல்ல முடியுமா, ஆச்சி?

எதற்கு என்று சொல்லாது, தம்பி. யார் அனுமதியோடு என்று கேட்கும். அரசின் வருவாய் வந்து சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவும் சட்டமன்றம் நிறைவேற்றிய நிதி ஒதுக்கச் சட்டம் வேண்டும். அரசியலமைப்பின் 204, 266ஆம் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள்.

புதுவயல் வாசகர்: அப்படியானால் இலவச டிவியை ஏன் தடுக்கவில்லை?

அந்த அனுமதி இருந்ததால்தான். சட்டமன்றம் ஒதுக்கிய பணத்தில் நடக்கும் திட்டம் நல்லதா கெட்டதா என்று எடைபோட, 2013இல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. பிடிக்காத திட்டத்தை ஓட்டுப் போட்டுத்தான் மாற்ற வேண்டும். ஆனாலும் அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்கும்படி 2022இல் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள்.

பள்ளத்தூர் வாசகர்: எங்கள் ஊருணியைத் தூர்வார நிதி ஒதுக்கியதாகச் சொன்னார்கள். வேலை தொடங்கவில்லை. வழக்குப் போடலாமா?

கையில் காகிதம் இருந்தால் போடலாம். துறைக்குப் பணம் கேட்டுச் சட்டமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கையில் அமைச்சர் அறிவித்தார் என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. முதலில் ஊருணி யார் பொறுப்பு, பேரூராட்சியா கோயிலா என்று பாருங்கள். அரசாணை வந்ததா, டெண்டர் விட்டார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மார்ச் 31 தாண்டினால் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும்; அதனால் தீபாவளிக்கு முன்பே கேட்பது நல்லது. பிறகு கலெக்டருக்கு மனு. அதற்கும் அசையவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட், அதாவது கடமையைச் செய்யும்படி அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு. பெரும்பாலும் "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்றுதான் உத்தரவு வரும். சப்பென்று இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். தூங்கும் கோப்பு அதில்தான் எழுந்திருக்கும். "பணமில்லை" என்று பதில் மனு வந்தால் 1980ஆம் ஆண்டின் ரத்லம் வழக்கைக் காட்டுங்கள். சாக்கடை கட்ட நிதியில்லை என்ற நகராட்சியிடம், சட்டம் சுமத்திய கடமைக்கு அது சாக்காகாது என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர்.

கோட்டையூர் வாசகர்: தணிக்கை அறிக்கையை வைத்துத் தண்டிக்கலாமா?

அது, கடல் கடந்து கடை நடத்தக் கொண்டுவிற்கப் போனவர் ஊரிலிருக்கும் முதலாளிக்கு அனுப்பும் ஐந்தொகைக் கணக்கைப் போலச் சட்டமன்றத்தின் பார்வைக்குப் போவது. தீர்ப்பல்ல.

கானாடுகாத்தான் வாசகர்: ஒதுக்கிய பணத்தை அதிபர் நிறுத்திவைக்கிறார் என்கிறான் அமெரிக்காவிலிருக்கும் மகன். அது செல்லுமா?

அதிபர் நிக்சன் காலத்துச் சண்டை அது. கழிவுநீர்ப் பணிகளுக்கு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதித்த தொகையைக் குறைத்துக் கொடுத்தார்கள். முழுவதையும் ஒதுக்க வேண்டும் என்று 1975இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறுத்திவைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை. இங்கே ஒதுக்கீடு என்பது செலவழிக்க அனுமதி மட்டும். செலவழித்தே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தாது. பள்ளத்தூர்க்காரரை அரசாணையைத் தேடச் சொன்னது அதனால்தான்.