வாடை இல்லாத கடல்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். சொந்த ஊர் சேலம் பக்கம். பதினோரு ஆண்டுகளாகப் பெங்களூரில் இருக்கிறேன். பிள்ளைகளின் மே மாத விடுமுறையில் மூன்று நாள் தரங்கம்பாடி போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார். மாமனாருக்கு மூச்சிரைப்பு உண்டு. அந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று அதிகம், நுரையீரலுக்கு நல்லது என்று படித்தேன். உங்கள் தாயாரின் ஊர் அந்தப் பக்கம் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்ல முடியுமா? பிள்ளைகளுக்கு அலுக்காமல் இருக்குமா? இன்னொன்று, கடற்கரையில் மீன் வாடை அடிக்காத பகுதி எது? மனைவிக்கும் பெரிய பெண்ணுக்கும் அது ஒத்துக்கொள்ளாது.

எஸ்., பெங்களூரு

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்புதான் எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சமையலின் கடும் மணம் பொதுவழியில் பரவாமல் பார்த்துக்கொள்ளும்படி குடியிருப்போரைக் கேட்டுக்கொள்கிறார்களாம். பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான்காவது மாடியில் யார் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுபட்டது என்பது வாசல் காவலாளி வரைக்கும் தெரியும். என்னோடு லிஃப்டில் ஏறிய ஒரு பெண்மணி அதைப் படித்தார், என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தார், பிறகு கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாக நின்றிருந்த நேரத்தில்தான் உங்கள் கடைசிக் கேள்வி வந்து சேர்ந்தது. ஆகவே இங்கே உங்கள் தலையில் விழும் குட்டுகளில் பாதி அந்த லிஃப்டுக்கு உரியவை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாமனார். தம்பி, ஓசோன் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. வானத்தில் உயரே இருக்கும்வரை அது நமக்குக் குடை. தரைக்கு இறங்கி மூக்கில் ஏறினால் நஞ்சு. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இழுப்பைக் கூட்டும். டெல்லிக் கோடையில் வண்டிப்புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கி, காற்று மாசுக் கணக்கில் எழுதப்படுவதும் இதே ஓசோன்தான். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கடற்காற்றில் ஓசோன் நிறைந்திருக்கிறது என்று நம்பி நோயாளிகளைக் கடலோரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே செத்துப்போன அந்த நம்பிக்கை நம் சுற்றுலா விளம்பரங்களில் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அது மெய்யாக இருந்தால் உங்கள் மாமனாரை அந்த ஊர்ப்பக்கமே அழைத்துப் போகக் கூடாது. பொய் என்பதால் தாராளமாக அழைத்துப் போகலாம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், இன்ஹேலரைப் பெட்டிக்குள் பூட்டாமல் அவர் சட்டைப் பையில் வையுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1840இல் ஷோன்பைன் என்ற வேதியியலர் அந்த வாயுவுக்குப் பெயர் வைத்தபோது, கிரேக்கத்தில் ‘மணத்தல்’ என்று பொருள்படும் சொல்லை எடுத்துக்கொண்டார். வாடையில்லாத கடல் கேட்கிற நீங்கள், வாடையையே பெயராக வைத்துக்கொண்ட வாயுவைத் தேடிப் புறப்பட்டிருக்கிறீர்கள்.

(அதே விளம்பரங்கள் ‘அலை பாடும் ஊர்’ என்றும் சொல்லும். தரங்கம் அலை என்பது சரி. பாடி என்றால் ஊர், குடியிருப்பு. பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாணியம்பாடியில் வாணியரா பாடுகிறார்கள்? காட்பாடியில் காடா பாடுகிறது? போகட்டும்.)

இனி வாடை. பஸ் பொறையாரைத் தாண்டிக் கடற்பக்கம் திரும்பும்போதே ஒரு மணம் வந்து மூக்கில் மோதும். பிள்ளைகள் ‘கடல் வந்துவிட்டது’ என்று கத்துவார்கள். உங்கள் மனைவியும் ஆழமாக இழுத்துவிட்டு, என்ன சுத்தமான காற்று என்பார். அது டைமெத்தில் சல்ஃபைட் என்ற கந்தகப் பொருளின் மணம். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் பாசியும் சாகும்போது அவற்றிலிருந்து வெளிப்படுவதை நுண்ணுயிர்கள் தின்று, சிதைத்து, காற்றில் விடுகின்றன. கடற்பறவைகளில் சில அதை மோந்துதான் இரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. நீங்கள் முகம் சுளிக்கிற மீன் வாடை அந்த மணத்தின் தங்கை. உப்புத்தண்ணீரில் உடம்பு வற்றிப்போகாமல் இருக்கக் கடல்மீன் தனக்குள் ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமைன் ஆக்குகின்றன. அது காரத்தன்மை உள்ளது, அமிலம் பட்டால் அடங்கும். அதனால்தான் மீனைப் புளித்தண்ணீரில் அலசுகிறோம். இந்த வேதியியலில் ஒரு வரி படிக்காத என் அம்மா, புளி கரைக்காமல் மீனைத் தொட்டதில்லை.

அக்காளை வரவேற்று நாற்காலி போடுகிறீர்கள், தங்கையை வாசலிலேயே நிற்கச் சொல்கிறீர்கள். வாடையே அடிக்காத பகுதி வேண்டுமென்றால் எதுவும் பிறக்காத, எதுவும் சாகாத தண்ணீராகப் பார்த்துப் போங்கள். பெங்களூரில் பெரிய ஓட்டல்களில் நீச்சல் குளங்கள் இருக்கின்றன. குளோரின் மட்டும்தான் அடிக்கும்.

கோபமாகப் பேசிவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

அம்மாவின் ஊர் பொறையார். அப்பாவுக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அல்சூரில் மாடியில் வாடகைக்கு இருந்தோம், கீழே வீட்டுக்காரர் குடும்பம். மீன், கறி கூடாது என்ற நிபந்தனையோடுதான் சாவி கொடுத்தார்கள். மே மாதம் ஊருக்குப் போவோம். அப்போது மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1986இல் நிறுத்திவிட்டார்கள். திரும்பும்போது அம்மா கருவாடு கட்டுவாள். நெத்திலி, வாளை, சுறாத் துண்டு. பழைய தினத்தாளில் சுற்றி, அதன்மேல் அப்பாவின் கிழிந்த வேட்டியைச் சுற்றி, புழுங்கலரிசி மூட்டையின் நடு வயிற்றில் புதைத்துவிடுவாள். ஒரு வருடம் தினத்தாள் கிழிந்து மூட்டை முழுக்கச் சுறா ஏறிவிட்டது. ஒரு மாதம் தயிர்ச் சோற்றில்கூடச் சுறா. அப்பா வாய் திறக்காமல் சாப்பிட்டார். கடைசிப் படி அரிசி தீர்ந்த அன்றைக்கு மட்டும், “என்ன, இன்றைக்குக் குழம்பில் உப்பு குறைகிறதே?” என்றார்.

வறுப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை மாலை கீழ்வீட்டார் ராகவேந்திரர் மடத்துக்குப் போவார்கள். போய்வர ஒன்றரை மணி நேரம். தெருமுனையில் அவர்கள் திரும்புவதை நான் மாடியிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா ஜன்னல்களைச் சாத்துவாள், கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணிப்பாள். வாணலியில் கருவாடு விழும் சத்தத்தைக் குறைக்கக்கூட அடுப்பைத் தணித்து வைப்பாள். சத்தத்துக்கு என்ன வாடையா இருக்கிறது? பயம், வேறென்ன. வறுத்து முடித்ததும் வேறொரு சட்டியில் ஒரு கைப்பிடி காபிக்கொட்டையைப் போட்டுக் கருகக் கருக வறுப்பாள். படிக்கட்டு வரைக்கும் காபி மணக்கும். இப்படி எத்தனையோ வியாழன். ஒருநாள் கீழ்வீட்டு அம்மாள் மாடிக்கே வந்து கேட்டார்: “உங்கள் வீட்டில் வியாழக்கிழமை தவறாமல் காபிக்கொட்டை வறுக்கிறீர்களே, அது என்ன விரதம்?” அம்மா கொஞ்சமும் தயங்காமல், “எங்கள் ஊர்ப்பக்கம் உண்டு” என்றாள்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். சொல்லாமல் விடுவது இதற்கு அடுத்தது. ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி என் பாவாடையை மோந்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து, இனிமேல் வறுக்கவே கூடாது என்று அழுது புரண்டேன். அம்மா எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. இரண்டு வருடம் அந்த வீட்டில் கருவாடு வறுபடவில்லை. ஆனால் வியாழக்கிழமை மாலையில் பழக்கதோஷத்தில் காபிக்கொட்டையை மட்டும் வறுத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே உங்கள் பெரிய பெண்ணை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு எது நாறும், எது மணக்கும் என்பதைச் சுற்றியிருக்கும் முகங்கள்தான் கற்றுக்கொடுக்கின்றன. நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. சுறாவை அறுத்துக் காயப்போட்ட கருவாட்டைப் பறவைகள் கொத்தாமல் காத்துக்கொண்டிருக்கிறார்கள் பரதவர் பெண்கள். தேரில் வந்து நிற்கிறான் பணக்கார வீட்டுப் பிள்ளை. தோழி சொல்கிறாள், நாங்கள் புலால் நாறுகிறோம், எட்டி நில்லும் என்று. வெட்கத்தோடு சொன்னதாகத்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அல்சூர் வீட்டை விட்டு வந்த பிறகுதான் அந்தக் குரலில் இருக்கும் திமிர் கேட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தரங்கம்பாடியில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அதற்கப்புறம் பல வாரங்கள் ஊர் ஊராக மக்கள் மீன் வாங்கவில்லை. பிணம் தின்ற மீன் என்று பேச்சு. ஜனவரியில் ஒருநாள் அம்மா என்னை அழைத்துக்கொண்டு ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போனாள். மீன் பக்கம் கூட்டமே இல்லை. வஞ்சிரம், சங்கரா, இறால் என்று நாங்கள் இரண்டு பேர் சாப்பிட முடியாத அளவுக்கு வாங்கினாள். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். “வாங்கினால்தானே கடலுக்குப் போவார்கள்” என்றாள். அந்த மீன் எந்தக் கரையில் ஏறியது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வறுத்தாள்.

எங்கேயோ போய்விட்டேன். நீங்கள் கேட்டது பட்டியல்.

மைசூரிலிருந்து வருகிற இரவு ரயிலில் பெங்களூரில் ஏறினால் காலையில் மயிலாடுதுறை. அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், பஸ் உண்டு. டேனிஷ் கோட்டை 1620இல் கட்டத் தொடங்கியது, தஞ்சை இரகுநாத நாயக்கர் கொடுத்த இடம். 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே அருங்காட்சியகம், ஒரு மணி நேரம் போதும். 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அரச வீதியில் இருக்கிறது. அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பற்றிப் போகிற இடமெல்லாம் சொல்வார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு இது ஒன்று போதும், அலுக்காது. தில்லையாடி பக்கத்தில்தான். வள்ளியம்மை தென்னாப்பிரிக்காவில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போய், 1914இல் பதினாறு வயதில் செத்துப்போனவர். தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. உங்கள் பெண்ணுக்கு இதைச் சொல்லுங்கள். திருக்கடையூர் உங்களுக்கே தெரியும். காரைக்காலுக்கு ஆண்கள் எதற்குப் போவார்கள் என்பதும் தெரியும், அம்மையார் கோயிலையும் எட்டிப் பாருங்கள். நாகூரில் தர்காவைப் பார்த்த கையோடு வாடா கேட்டு வாங்கித் தின்னுங்கள். வடை அல்ல, வாடா. இறால் வைத்தது.

கடலில் கால் நனைப்பதோடு சரி. அந்தக் கரையில் இழுப்பு அதிகம், குளிக்க வேண்டாம். மே மாதம் என்பதால் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, ஃபைபர் படகுகள்தான் கரையோரமாகப் போய்வரும். வரத்து குறைவு, விலை அதிகம். பேரம் பேசாதீர்கள். விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பிக் கரைக்கு அழைத்துப் போங்கள். வலையிலிருந்து நண்டைக் கால் முறியாமல் பிரித்தெடுப்பதைப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். பெண்ணின் மூக்கில் கைக்குட்டையை வைக்காதீர்கள். அவளாக வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும்.

திரும்பும்போது எனக்குக் கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி வாருங்கள். விரலால் ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் காயவில்லை என்று பொருள். பாலிதீன் பையில் கட்டினால் வியர்த்துவிடும். தினத்தாள், அதன்மேல் துணி. அரிசி மூட்டைக்குள் வைக்க வேண்டாம். நான்காவது மாடி, தம்பி. படியேறி வராதீர்கள். லிஃப்டிலேயே வாருங்கள்.