லைவ் சாண்ட் போட்டு 10 நாள் ஆகிறது, அம்மோனியா பூஜ்யம். மீன் விடலாமா?

புது ரீஃப் டேங்கில் (பவளம் வளர்க்கும் உப்பு நீர்த் தொட்டி) லைவ் சாண்டும் (பாக்டீரியா உயிரோடு உள்ள மணல்) காய்ந்த கல்லும் போட்டு 10 நாள் ஆகிறது, முதல் நாளிலிருந்தே அம்மோனியா பூஜ்யம், சைக்கிள் (அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தொட்டியில் வளர்ந்து நிலைக்கும் கட்டம்) முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு மீன் விட வேண்டாம். அந்தப் பூஜ்யத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வருகிற அம்மோனியாவையெல்லாம் பாக்டீரியா தின்று தீர்த்தாலும் பூஜ்யம்தான், தொட்டிக்குள் அம்மோனியாவே வராவிட்டாலும் பூஜ்யம்தான். மீன் இல்லை, தீனி இல்லை, அழுக எதுவும் இல்லை என்றால் அம்மோனியா எங்கிருந்து வரும்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தொட்டியில் இதே பூஜ்யத்தை நம்பி இரண்டு கோமாளி மீன்களை ஒன்றாக விட்டேன். நான்காம் நாள் காலையில் ஒன்று நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டெஸ்ட் ட்யூபில் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் இலைப்பச்சையாகியிருந்தது. அன்று மாலைக்குள் இரண்டும் போய்விட்டன. உப்பு நீரின் பிஹெச் 8.1 முதல் 8.4 வரை இருப்பதால் அம்மோனியாவில் விஷமான பங்கு கூடுதல். அதனால்தான் இவ்வளவு வேகம்.

லைவ் சாண்டை நான் குறை சொல்லவில்லை. அதில் பாக்டீரியா உண்டு. ஆனால் பையில் எவ்வளவு நாள் கிடந்தது, எவ்வளவு பிழைத்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அம்மோனியாவைத் தின்னும் இந்த வகை மெதுவாகத்தான் பெருகும். வேறு சில பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளே பிடிக்கும். மணல் நல்ல தொடக்கம் தரும், காத்திருக்கும் வேலையை முழுதாக மிச்சப்படுத்தாது.

ஆகவே தொட்டிக்கு நீங்களே அம்மோனியா கொடுத்துப் பாருங்கள். அம்மோனியம் குளோரைடு கரைசல் நல்லது. வீட்டுச் சுத்தத்துக்கான அம்மோனியாவென்றால் பாட்டிலைக் குலுக்குங்கள். நுரை அடங்காமல் நின்றால் அதில் சோப்பு கலந்திருக்கிறது, தொட்டிக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நீர் கலந்ததும் அளந்து, 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வந்ததும் நிறுத்துங்கள். 5-ஐத் தாண்டவிட்டால் பாக்டீரியாவே திணறும். செத்த இறாலைப் போடுகிற பழைய வழியும் வேலை செய்யும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வந்தது என்று கணக்கு வைக்க முடியாது, நாற்றம் வேறு.

அப்புறம் தினமும் ஒரே நேரத்தில் அளந்து குறித்து வையுங்கள். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அதனால் முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தெரியும். நைட்ரைட் அதிகமாக இருக்கும்போது நைட்ரேட் கிட் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், அதைக் கண்டு பதற வேண்டாம். கடல் நீரில் குளோரைடு நிறைய இருப்பதால் நைட்ரைட் நன்னீரில் போல மீனைத் தாக்காது. ஆனாலும் சைக்கிள் எங்கே நிற்கிறது என்பதை அதுதான் காட்டும். 2 பிபிஎம் விட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால், அந்தப் பூஜ்யத்தை நம்பலாம். காய்ந்த கல் என்பதால் 4 முதல் 6 வாரம் ஆகலாம். முன்னாலேயே முடிந்தால் சந்தோஷம்தான்.

இதற்கிடையில் வெப்பம் 25–26 டிகிரி, உப்படர்த்தி 1.025. பம்ப் நிற்கவே கூடாது. பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆவியாகிக் குறையும் நீருக்கு உப்பில்லாத ஆர்ஓ நீரையே ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, அதனால் உப்பு நீரை ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். விளக்கை அணைத்தே வையுங்கள், பாசிக்கு இடம் கொடுக்க வேண்டாம். அப்படியும் சில வாரத்தில் மணல் மேல் செம்பழுப்புத் தூள் போல டயாட்டம் என்ற நுண்பாசி படியலாம். விரலால் தட்டினால் புகை மாதிரி எழும். பெரும்பாலான புதுத் தொட்டிகளில் வருவதுதான், தானே போய்விடும். அதற்காக மணலைக் கழுவிவிடாதீர்கள், வளர்த்த பாக்டீரியாவில் ஒரு பங்கு கழுவும் நீரோடு போய்விடும்.

சைக்கிள் முடிந்ததும் பாதி நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறையுங்கள். பிறகு ஒரே ஒரு மீன். அதன் கழிவுக்கு ஏற்றபடிதான் பாக்டீரியாவின் எண்ணிக்கையும் நிற்கும் என்பதால், அடுத்ததற்கு 2 வாரமாவது இடைவெளி விடுங்கள். பவளங்களை உப்பு, வெப்பம், காரத்தன்மை எல்லாம் சில வாரம் ஆடாமல் நின்ற பிறகு யோசிக்கலாம்.

இன்று இரவு 2 பிபிஎம் விட்டு, நாளை இதே நேரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் எவ்வளவு என்று எழுதுங்கள். உங்கள் மணல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.