மருத்துவமனையில் தவறு நடந்தால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது. டூட்டி டாக்டர் "மருந்து மயக்கம்தான், பயப்படாதீங்க" என்றார். இரண்டு முறைக்கு மேல் கேட்கத் தயக்கம். காலையில் பெரிய டாக்டர் பார்த்ததும் ஐ.சி.யு.வுக்கு மாற்றினார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

பதில்: மூன்றாவது முறையும் கேட்டிருக்கலாம் அம்மா. தயங்கியது உங்கள் குற்றமில்லை. டாக்டரிடம் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்றுதானே நாம் வளர்ந்திருக்கிறோம். ஆனால் உங்கள் அம்மா வழக்கமாக எப்படிப் பேசுவார் என்பது அந்த வார்டில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். "ஒரு மாதிரி இருக்கிறார்" என்று சொல்லாமல், "நேற்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இன்று அடையாளம் தெரியவில்லை, ராத்திரியிலிருந்து சிறுநீர் போகவில்லை" என்று சொல்லுங்கள். நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் மாலையில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேளுங்கள். அப்புறமும் டூட்டி டாக்டர் அசையவில்லையென்றால், பெரிய டாக்டருக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதவும் சொல்லுங்கள்.

2021-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டாள். லண்டன் மருத்துவமனையில் இருக்கும்போதே செப்சிஸ், அதாவது கிருமித்தொற்றால் உடலுறுப்புகள் பழுதாகும் நிலை, வந்து இறந்துபோனாள். பெற்றோர் தங்கள் கவலையைச் சொல்லத்தான் செய்தார்கள். முன்பே ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பாள் என்றது மரண விசாரணை. அவள் பெயரால் 2024-ல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது: கவலைப்படும் குடும்பமே தீவிர சிகிச்சைக் குழு ஒன்றை வந்து பார்க்கச் சொல்லலாம். நீங்கள் இங்கே செய்யக்கூடியது, சேர்க்கும்போதே ராத்திரியில் யாரை அழைப்பது என்று பெயரும் எண்ணும் வாங்கி வைத்துக்கொள்வது.

கேள்வி: அப்பா இறந்துவிட்டார். கேஸ் ஷீட்டைக் கோர்ட் உத்தரவு இருந்தால்தான் தருவார்களாம். (வாசகர், மதுரை)

பதில்: அது சரியில்லை. 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறைப்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்காதீர்கள். கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்திப்பட்டுவிட வேண்டாம். அது கடைசியில் உட்கார்ந்து எழுதுவது. நர்ஸ் குறிப்புகள், மருந்து கொடுத்த நேரம் உள்ள சார்ட், லேப் ரிப்போர்ட்டுகள், சம்மதப் படிவம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நடந்தது பெரும்பாலும் நர்ஸ் குறிப்பில்தான் இருக்கும்.

கேள்வி: போலீசுக்குப் போகலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: போகலாம். ஆனால் 2005-ல் உச்ச நீதிமன்றம், டாக்டர் மீது கிரிமினல் வழக்கு என்றால் அலட்சியம் மிகக் கடுமையாக இருக்க வேண்டும் என்றது. வேறொரு டாக்டரின் கருத்தையும் போலீஸ் கேட்டாக வேண்டும். இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். பொதுவாக இரண்டு ஆண்டுக்குள். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு. மரணத்தில் சந்தேகம் இருந்தால், சொல்லவே மனசு கேட்கவில்லை, உடலை எரிப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அது இல்லாமல் காரணத்தை நிரூபிப்பது மிகவும் கடினம்.

கேள்வி: டாக்டரே வந்து "தப்பு நடந்துவிட்டது" என்று அழுதார். கோபப்படவும் முடியவில்லை. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. அவர் மறைக்காதது பெரிய விஷயம். 2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஜோசி கிங் என்ற 18 மாதக் குழந்தை உடலில் நீர் வற்றியும் வலி மருந்துத் தவறாலும் இறந்தது. அவள் தாய் சாரல் கிங் இழப்பீட்டில் ஒரு பகுதியை அதே மருத்துவமனையின் பாதுகாப்புத் திட்டத்துக்கே கொடுத்தார். நீங்களும் மன்னித்தாக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வழக்குப் போடும் உரிமை உங்களுடையது. போடுவதாக இருந்தாலும் இல்லையென்றாலும் அந்த டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: அடுத்த நோயாளிக்கு இது நடக்காமல் இருக்க வார்டில் என்ன மாற்றினீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.