நகையை விற்ற பக்தை மட்டும்தானா?

வணக்கம்.

இந்த வருடம் திருவையாறு ஆராதனைக்குப் போயிருந்தேன். தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி கைகூப்பி உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியம்மாவின் சிலை. யாரென்று பக்கத்திலிருந்த பெரியவரிடம் கேட்டேன். "பெங்களூர் நாகரத்தினம்மாள். பெரிய பக்தை. நகையெல்லாம் வித்து இந்தக் கோயிலைக் கட்டினவங்க" என்றார். அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்களேன்.

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

பெரியவர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி. நகையை விற்ற பக்தை என்றதும் ஒரு சாதுவான பாட்டி நம் மனதில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அம்மாள் அப்படி ஒன்றும் சாது இல்லை.

1878-ல் நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்தவர். சென்னையில் கச்சேரி செய்து நன்றாகச் சம்பாதித்தார். தஞ்சை மராட்டிய அரசவையின் பெண் கவிஞர் முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய 'ராதிகா ஸாந்த்வனமு' என்ற சிருங்காரக் காவியம் அச்சில் குறைபட்டு வந்திருப்பதைக் கண்டு, சுவடி தேடி, 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தார். அதை ஆபாசம் என்று கண்டித்தவர் சாமானியர் அல்ல, தெலுங்கு நாட்டின் பெரிய சமூகச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் பந்துலு. கூச்சம், நாணம் எல்லாம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்குக் கிடையாதா என்று அம்மாள் திருப்பிக் கேட்டார். அரசு புத்தகத்தைத் தடை செய்தது. சுதந்திரத்தையொட்டித்தான் தடை விலகியது.

இதே குணத்தோடுதான் திருவையாற்றுக்கும் வந்தார். சமாதி பாழடைந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, 1921-ல் திருப்பணியைத் தொடங்கித் தன் பணத்தைக் கொட்டினார். ஆனால் ஆராதனை நடத்திவந்த பெரிய கட்சி, சின்ன கட்சி இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. (இவை வித்வான்களின் கோஷ்டிகள். ஓட்டு மட்டும்தான் கேட்கவில்லை, சண்டையில் குறைவில்லை.) கோயில் கட்டினவருக்கே அங்கே பாட இடமில்லை! அம்மாள் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. பெண்களைத் திரட்டி, பெண்கள் கட்சி என்று மூன்றாவதாக ஒன்றை ஆரம்பித்துவிட்டார். கோஷ்டிகள் எல்லாம் ஒன்றுசேர 1940 வாக்கில் ஆகிவிட்டது.

முதுமையில் திருவையாற்றிலேயே தங்கி, 1952-ல் அங்கேயே காலமானார். நீங்கள் பார்த்த சிலை அவருடைய சமாதியில் இருப்பது.

அவர் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது 1949-ல் எழுதிய உயில். சொத்து முழுவதையும் தியாகராஜர் சமாதிக்கே எழுதிவைத்தார், ஆனால் சும்மா கொடுக்கவில்லை. தேவதாசிகள் உட்பட எந்தப் பெண்ணும் அங்கே பூஜை செய்யவோ பாடவோ தடை இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசியாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குச் சென்னை மாகாணத்தில் சட்டப்படி தடை வந்து அப்போது ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த மரபில் வந்த பலர் பூர்வீகத்தையே வெளியில் சொல்லத் தயங்கிய நேரம். அம்மாளோ தேவதாசி என்ற சொல்லைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்.

அன்புடன்.